யாரு ஊட்டுப் புள்ளடா நீ?

பால்யம் பற்றிய எழுத்துக்குத் தமிழில் எப்போதும் கிராக்கி உண்டு. வார இதழ்த் தொடர், சிறுகதைத் தொகுப்பின் முன்னுரை, பட்டிமன்ற மேடை, இப்போது கைபேசிக் காணொளி என்று எங்கும் ஒரே ராகம்தான். அந்தக் காலத்துல எங்கள யாரும் கண்காணிக்கல. காலையில போனா பொழுது சாஞ்சுதான் வீடு திரும்புவோம். கிணத்துல குதிச்சோம், மாங்கா திருடினோம், பசிச்சா எந்த வீட்டுலயும் சாப்பிட்டோம். ஊரே சேர்ந்து எங்கள வளர்த்துச்சு. இன்னைக்குப் புள்ளைங்கதான் பாவம்: வேன், டியூஷன், கேமரா. எழுதுகிறவரின் கண் கலங்குகிறது, வாசகரின் கண்ணும் கலங்குகிறது.

இந்த எழுத்துகளை நான் விடாமல் வாசிக்கிறவன். இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது என் வாதமில்லை. அவர்கள் குதித்த கிணறு இருந்தது. அடித்த மாங்காய் இனித்தது. என் கேள்வி அந்த ‘எங்கள’ என்கிற சொல்லின் மேல்தான். ஒரு தலைமுறைக்கே சொந்தமானது போல நீட்டப்படும் இந்தப் பால்யம் ஊரின் எந்தப் பக்கத்தில் நடந்தது? அதே நேரத்தில் மறுபக்கத்தில் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பால்ய நினைவை அரசியலுக்கு அப்பாற்பட்ட வெள்ளந்தியான சங்கதி என்று ஒதுக்கி வைத்திருக்கும் வரை இந்தக் கேள்விகள் எழாது. நாம்தான் எழுப்ப வேண்டும்.

முதலில் கிணறு. ஊர்க்கிணற்றில் குதித்த கதையை எழுதும் யாரும், அந்தக் கிணற்றில் யார் குதிக்க முடியாது என்று எழுதுவதில்லை. நான் நீச்சல் கற்றது ஏரியில், மாடு கழுவும் துறையில். ஊர்க்கிணற்றுப் படியில் எங்கள் கால் பட்டதில்லை. அடுத்தது மாங்காய். ஊர்த்தெருப் பிள்ளை எடுத்தால் அதற்குக் குறும்பு என்று பேர். காலனிப் பிள்ளை எடுத்தால் களவு; கூடவே சாதியையும் சேர்த்துத் திட்டு. பாமாவின் ‘கருக்கு’ (1992) நாவலில் வரும் சம்பவத்தைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தென்னைமரத்தில் ஏறி விளையாடுகிறார்கள். ஒரு பிஞ்சுத் தேங்காய் விழுகிறது. மறுநாள் அது திருட்டாகிறது. திருடியவள் என்று நிறுத்தப்படுகிறவள் சேரிச் சிறுமி. விளையாட்டு எந்த இடத்தில் குற்றமாக மாறுகிறது என்பதை நம் இலக்கியம் இப்படித்தான் பதிவு செய்தது.

பிறகு அந்த ‘ஊரே சேர்ந்து வளர்த்தது’. இதை அடிக்கடி சொல்கிறார்கள். எந்தத் தெருவில் போனாலும் ஒரு பெரியவர் கூப்பிட்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பாராம். அதில் அத்தனை வாஞ்சையாம். எங்களையும் கேட்டார்கள். ‘யாரு ஊட்டுப் புள்ளடா நீ?’ அப்பன் பேரைச் சொன்னால் போதும், வீடு எந்தத் திசையில் என்று கேட்டவருக்குப் புரிந்துவிடும். அதற்கப்புறம் வருவது, இங்க என்னடா வேல? எங்கள் அம்மா நடவுக்குப் போகுமுன் தினமும் சொல்லும்: “தெருவுல போவாத, ஏரிக்கரைய சுத்திக்கினு போ. எவனாவது கேட்டா ஓடாத. நின்னு அப்பா பேரச் சொல்லு.” ஓடினால் திருடன் என்பார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு பிள்ளை எந்த வழியில் நடக்கலாம், யார் எதிரே வந்தால் ஒதுங்கவேண்டும், எந்தத் திண்ணையில் உட்காரக்கூடாது என்றெல்லாம் ஐந்து வயதுக்குள் மனப்பாடம் ஆகிவிடும். இதற்குமேல் என்ன கேமரா வேண்டும்? கேமராவுக்கு ஊர் முழுக்கக் கண் கிடையாது. ஊருக்கு உண்டு.

பெரியவர் துணையில்லாத சாகசப் பயணம் என்பது பால்ய எழுத்தில் தவறாமல் வரும். அம்பேத்கரிடமும் அப்படி ஒரு பயணம் இருக்கிறது. அவர் எழுதி, மறைவுக்குப் பின் 1990இல் நூலாக வந்த ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ குறிப்புகளில் வருகிறது. ஆண்டு 1901. வயது பத்து. கோடை விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்க சிறுவர்களாகவே ரயில் ஏறுகிறார்கள். புதுத்துணி, புதுத் தொப்பி, முதல் ரயில் பயணம். வேறொருவர் எழுதியிருந்தால் அற்புதமான ஒரு கோடைக் கதை கிடைத்திருக்கும். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. நல்ல உடுப்பைப் பார்த்து அன்பாக விசாரிக்கிறார் ஸ்டேஷன் மாஸ்டர். மஹார் என்று பதில் வந்ததும் அவர் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மாட்டோம் என்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி. வண்டியையும் சிறுவர்களே ஓட்டவேண்டும். வண்டிக்காரன் கூடவே நடந்து வருவான். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவு முழுக்கப் பட்டினி. ‘யாரு ஊட்டுப் புள்ளடா நீ’ என்ற கேள்விதான் மசூர் ஸ்டேஷனிலும் கேட்கப்பட்டது. துணைக்கு ஆளில்லாத பிள்ளைக்கும் சாதி துணைக்கு வந்துகொண்டே இருந்தது.

அதற்கும் முந்தைய சாட்சி நம் இரட்டைமலை சீனிவாசன். 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம்தான் எழுதுகிறார். அந்தக் கொஞ்சம் போதும். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் பிராமணப் பிள்ளைகள். பழகினால் சாதி தெரிந்துவிடும் என்ற பயத்தில் இவர் யாரோடும் சேரவில்லை. மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். விட்டதும், மற்ற பையன்கள் வந்து பிடித்துக்கொள்ளாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். கூடி விளையாட முடியாததை நினைத்து மனம் கலங்கியதையும் எழுதியிருக்கிறார். பின்னாளில் வட்டமேசை மாநாட்டுக்குப் போன தலைவர், எழுபது வயதைத் தாண்டிய பிறகும் விளையாட முடியாத விளையாட்டை மறக்கவில்லை. அந்தச் சிறுவனை யார் மேற்பார்த்தார்கள்? ஆசிரியர்கூட அல்ல. அவனே அவனுக்குக் காவல்காரன். தன் நடை, தன் பேச்சு, தன் நட்பு எல்லாவற்றையும் தானே காவல் காக்கவேண்டிய பால்யத்தை எந்த நினைவோடை எழுத்தாளர் எழுதினார்?

பள்ளிக்கூடம் பற்றிய இடத்தில் இந்த ஏக்க இலக்கியம் நம்மைவிட்டு முழுக்கப் பிரிந்துபோகிறது. அவர்களுக்குப் பள்ளி என்பது சிறை, அடைப்பு. வகுப்பை விட்டு ஓடியதுதான் விடுதலை. நமக்கு? உள்ளே நுழைவதற்கே போராட்டம். ஆல்காட் 1894இல் தொடங்கிய பஞ்சமர் பள்ளிகளும் அயோத்திதாசர் அதற்குக் கொடுத்த உழைப்பும் எதற்காக? பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளை சுதந்திரமாகத் திரியவில்லை. பண்ணை மாட்டுக்குப் பின்னால் திரிந்தது. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளியை மூன்று மணி நேரமாகச் சுருக்கியது. மிச்ச நேரம் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. வகுப்பறையிலிருந்து விடுபட்ட, இயற்கையோடு இணைந்த பால்யம்! கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! குலக்கல்வி என்று பேர் வைத்துப் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் வந்ததும் அது போனது. நம் பிள்ளைக்கு மணியடிக்கிற ஒரு இடம், பேர் கூப்பிடுகிற ஒரு வாத்தியார், மத்தியானம் ஒருவேளைச் சோறு வேண்டும் என்று கேட்ட சனம் நாம். மேற்பார்வை வேண்டும் என்று கேட்ட சனம்.

அந்த இடத்திலும் என்ன கிடைத்தது என்பதை ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ (1997) சொல்கிறது. மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருக்க, தலைமையாசிரியர் இவரை மட்டும் பள்ளியையும் மைதானத்தையும் கூட்டிப் பெருக்க வைக்கிறார். நாள் கணக்கில். வழியே போன அப்பா பார்த்து, துடைப்பத்தைப் பிடுங்கி எறிகிறார். ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம். இவருக்கு அதே மைதானம் பெருக்குமிடம்.

வெயிலில் ஆடு மேய்த்த சுகத்தைப் பற்றி எத்தனை கவிதைகள்! அந்த ஆடு யாருடையது? பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) அந்தக் கணக்கைத் திறந்து காட்டுகிறது. கவுண்டர் காட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்ட மாதாரிப் பிள்ளைகள் ஆட்டோடு அலைகிறார்கள், நீந்துகிறார்கள், சிரிக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் காவலற்ற பால்யம்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் நாள் முழுவதும் முன்கூட்டியே விற்கப்பட்டிருக்கிறது. அங்கே கிணறு நீச்சலுக்கு மட்டுமல்ல, தண்டனைக்கும். இதை எழுதியவர் தலித் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எழுத மனமிருந்தால் அந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க முடியும் என்பதற்காக.

அப்போ நமக்குச் சந்தோஷமே இல்லையா? இருந்தது. அறுப்பு முடிஞ்ச வயல்ல எலி வளை தோண்டினோம். நண்டு பிடிச்சு சுட்டுத் தின்னோம். தகர டப்பாவுல பறை அடிச்சுப் பழகினோம். இதையெல்லாம் விட்டுக்கொடுக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நம்மிடமிருந்து காயத்தை மட்டும் கேட்டு வாங்கி அச்சடிக்கிற, சிரிப்பு என்றால் முகம் சுளிக்கிற பதிப்பு அரசியலும் நடக்கிறது. ‘கருக்கு’வில் பிள்ளைகள் விளையாடும் பகுதியைப் பாருங்கள். சிலர் நாயக்கர், சிலர் பண்ணையாள். ‘அய்யா அய்யா’ என்று கும்பிட்டு வேலை செய்வது மாதிரி ஒரு விளையாட்டு. சிரித்துக்கொண்டே படிப்போம். படித்து முடித்த பிறகு சிரிப்பு தொண்டையில் நிற்கும். சந்தோஷத்தையும் சாதியையும் ஒரே வாக்கியத்தில் எழுதும் இந்த முறை நம்முடையது. ஏக்க எழுத்துக்கு இது வராது. அதற்கு ஒன்றை மறந்தால்தான் இன்னொன்றை நினைக்க முடியும்.

நமக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஆம்பளப் புள்ளைங்க நாங்க ஏரிக்கும் வயலுக்கும் ஓடினபோது இடுப்புல தம்பியைச் சுமந்துகினு நின்னது யாரு? அக்காதான். ‘சங்கதி’ (1994) இதை முகத்துக்கு நேரே கேட்கிறது. பையன்களுக்குக் கபடியும் கோலியும். பெண்பிள்ளைகளுக்குச் சொப்பு வைத்துச் சோறாக்கும் விளையாட்டு; அதுவும் வீட்டுவேலை முடிந்தால். தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ச் சம்பாதித்துவந்து வீட்டையும் பார்த்துக்கொள்ளும் சிறுமி அதில் வருகிறாள். சேரி ஆண்களின் பால்ய நினைவில் இந்தப் பெண்பிள்ளைகள் ஓரத்தில் நிற்கிறார்கள் என்றால், ஊர்த்தெரு எழுத்தாளனைக் கேட்கும் அதே கேள்வியை நம் ஆண்களையும் பார்த்துக் கேட்கவேண்டும்.

இப்போது தொண்ணூறுகளின் பிள்ளைகள் முறை. மிட்டாய்ப் பேர்களையும் தூர்தர்ஷன் தொடர்களையும் அடுக்கி, அதுதான் பொற்காலம் என்கிறார்கள். 1995இல் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியபோது அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டபோது அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். 1999 ஜூலை 23, தாமிரபரணியில் செத்த பதினேழு பேரில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. இவர்களும் தொண்ணூறுகளின் பிள்ளைகள்தான். அந்தப் பொற்காலப் பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் அது தெரியவந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர் கையில் சாதியைக் காட்டும் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றது. கையிலிருக்கும் கயிற்றின் நிறம் என்ன கேட்கிறது? யாரு ஊட்டுப் புள்ளடா நீ என்பதைத்தான். முன்பு திண்ணையில் உட்கார்ந்த பெரியவர் கேட்டார். இப்போது பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்கிறான். கேள்வி கேட்கிறவன் வயது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம்.

இந்தக் காலத்துப் பிள்ளைக்கு ஓட ஒரு திடல் இல்லை, தனியாக நடக்க ஒரு தெரு இல்லை என்ற கவலை நியாயமானது. காலனிப் பிள்ளைக்கும் அது வேண்டும். ஆனால் அதைக் கேட்க ‘பழைய ஊரை’த் திருப்பிக் கொண்டுவா என்றால், கூடவே அந்த ஊரின் காவலும் வரும். எல்லாப் பிள்ளையும் எல்லாத் தெருவிலும் நடந்த காலம் பின்னால் எங்கும் இல்லை. அது இனிமேல்தான் வரவேண்டும். கே.ஏ. குணசேகரன் ‘வடு’ (2005) நூலில் இளையான்குடியைப் பற்றி எழுதுவது இதனால் முக்கியமாகிறது. முஸ்லிம்கள் வாழ்ந்த அந்த ஊரில் சாதி பாராமல் பழகிய பிள்ளை, உறவினர்களின் கிராமங்களுக்குப் போகும்போதுதான் ஒவ்வொரு தெருவிலும் தீண்டாமையை எதிர்கொள்கிறது. ஒரே பிள்ளை, ஒரே கால்கள். எந்த ஊரில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே சுதந்திரம். காலத்தைக் காரணம் சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

ஆகவே பால்ய நினைவு எழுத்தை விமர்சிக்கிறவர்கள் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் விளையாடிய நேரத்தில் உங்கள் வீட்டு மாட்டை மேய்த்தது யார்? நீங்கள் குதித்த கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர் யார்? உங்கள் ஓட்டம் எந்த எல்லையில் நின்றது, அதற்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள்? பதில் இருந்தால் அது இலக்கியம். இல்லையென்றால் அது சாதி இந்துக் குடும்ப ஆல்பம்.

விடுதிகளில் தங்கிப் படிக்கிற, இப்போதுதான் எழுத வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. உங்கள் ஊரின் வரைபடத்தைப் போடுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போன வழி, சுற்றிப் போன வழி, அம்மா போகாதே என்று சொன்ன வழி, மூன்றையும் குறியுங்கள். எலி பிடித்த வயலையும் குறியுங்கள்; அது யார் பேரில் இருந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். அதை அப்படியே அனுப்பி வையுங்கள். அச்சில் வரட்டும்.