பங்காளிகள் நடத்தும் கம்பெனியைப் படிப்பது எப்படி?

நாட்றம்பள்ளியிலிருந்து வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறவர்கள், விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் ஒரு நிறுவனத்துக்குள்தான் இருக்கிறார்கள். லைன், டார்கெட், சூப்பர்வைசர், லீவு கேட்கும்போது வரும் படபடப்பு, புதிதாகச் சேர்ந்தவரை மற்றவர்கள் நடத்தும் விதம் எல்லாம் அங்கே நடக்கின்றன. இவற்றை ஆராய நிறுவன நடத்தையியல் என்றொரு துறை நூறாண்டாக வளர்ந்து நிற்கிறது. இருந்தும் நம் பக்கத்துப் பிள்ளைகள், பி.பி.ஏ. படித்தால்கூட, பரீட்சைக்கு முதல் நாள்தான் அதைத் தொடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. தலைமைப் பண்பு என்ற பெயரில் அவர்கள் கைக்கு வருவதெல்லாம் எறும்பிடம் சுறுசுறுப்பும் கழுகிடம் பார்வையும் கற்கச் சொல்லும் புத்தகங்கள், கோடீஸ்வரர் விடியற்காலை எத்தனை மணிக்கு எழுகிறார் என்று விவரிக்கும் மேடைப் பேச்சுகள். அவற்றில் சலித்தவர் துறையையே கைவிடுகிறார். இவ்வளவு சுவையான ஒரு படிப்பு ஆள் தேடாமல் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அடிப்படையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1924 முதல் 1932 வரை சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் நடந்த ஆய்வுகளில் தொடங்குங்கள். ஒருவர் எவ்வளவு வேலை செய்வார் என்பதில் கூலிக்கு இருக்கும் பங்கு, கூட வேலை பார்ப்பவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அளவுக்கும் உண்டு என்று அங்கே தெரிந்தது. அடுத்து, நியூ ஜெர்சி தொலைபேசி நிறுவனத்தின் தலைவர் செஸ்டர் பர்னார்ட் 1938-இல் வெளியிட்ட நூல். உத்தரவு போடுபவரிடம் அதிகாரம் இல்லை, அதை ஏற்பவரிடம்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து வினையாடல்', 'அவை அறிதல்' ஆகிய அதிகாரங்களைப் பத்துக் குறளும் சேர்த்து ஒரே மூச்சில் படிக்க வேண்டும். ஒற்றைக் குறளைப் பிய்த்துச் சுவரொட்டியில் போடுகிறவர்கள், ஆள் தேர்வைப் பற்றி 'தெரிந்து வினையாடல்' படிப்படியாகக் கட்டும் வாதத்தைச் சிதைத்துவிடுகிறார்கள். முன்னுரைக்கு இவ்வளவு போதும்.

நிர்வாகவியல் முதலாளியின் கருவி, தொழிலாளிக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் விமர்சகர்கள் அகமதாபாத் ஆய்வைப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன். அங்கே காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் 1953-இல் போய்ப் பார்த்தபோது, வேலை 12 வகையாக நறுக்கப்பட்டு, யார் யாருக்குத் துணை என்பதே தெளிவில்லாமல் இருந்தது. சிறு குழுக்களிடம் குறிப்பிட்ட தறிகளை முழுப் பொறுப்பாக ஒப்படைக்கும் யோசனை பிறந்ததும், தொழிலாளர்களே அதைக் கையில் எடுத்துக் குழு சேர்த்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, சேதம் குறைந்தது. ரைஸின் புத்தகம் 1958-இல் வந்தது. 1970-இல் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது, ஒரு கொட்டடியில் குழுமுறை நிலைத்திருந்தது, மற்றவற்றில் தேய்ந்துவிட்டிருந்தது. பதினேழு ஆண்டு கழித்துத் திரும்பிப் போய் எது நிலைத்தது, எது கரைந்தது என்று பார்க்கும் நேர்மை வெற்றிக்கதைப் புத்தகங்களில் கிடையாது.

இந்தத் துறையை ரசிக்க ஒரே ஒரு வேறுபாடு தெரிந்தால் போதும் என்பேன். முதலாளித் தலைமை ஒன்று, பங்காளித் தலைமை இன்னொன்று. முதலாளித் தலைமையில் ஒருவர் இன்னொருவரை வேலையைவிட்டு நிறுத்தலாம், இன்க்ரிமென்ட்டைப் பிடித்துவைக்கலாம். பங்காளித் தலைமையில் யாரும் யாரையும் நிறுத்த முடியாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கௌரவம், உள்ளுக்குள் போட்டி. ஆனாலும் பொதுவாக ஒன்றை நடத்தியாக வேண்டும். ஏரிப் பாசனம், திருவிழாக் கமிட்டி, ஜமாஅத், மகளிர் சுயஉதவிக் குழு எல்லாம் இந்த இரண்டாவது வகை. கடையில் விற்கும் தலைமைப் புத்தகங்களில் பெரும்பாலானவை முதல் வகையை மட்டும் பேசுகின்றன, அதையே தலைமையின் முழு இலக்கணமாகவும் காட்டுகின்றன. அதுதான் என் பெரிய கோபம். ஆளை நிறுத்தும் அதிகாரம் கையில் இருக்கும்போது நாலு பேர் பின்னால் வருவதில் வியக்க என்ன இருக்கிறது? எந்தப் பிடியும் இல்லாத இடத்தில், போட்டியாளர்கள் ஒரு விதிக்கு எப்படிக் கட்டுப்பட்டார்கள் என்பதுதான் மூளைக்குத் தீனி.

அதற்கான மிகச் சிறந்த பாடநூல் நம் காலடியிலேயே ஓடுகிறது, பாலாற்றில். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கைக்காகப் படிக்கிறார்கள். நீங்கள் வேறு கண்ணால் படியுங்கள். எந்த ஊர் டேனரிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒப்புக்கொண்டன, எது கட்டப்பட்டது, எது காகிதத்திலேயே நின்றது என்று அதில் விவரம் விவரமாக வருகிறது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் சுமார் 900 டேனரிகள். ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு என்ற கெடு. ஒரே வாங்குபவரிடம் ஆர்டருக்கு மோதிக்கொண்டவர்கள் ஒரே குழாயில் கழிவை விட்டு, ஒரே கம்பெனிக்குப் பங்குதாரர் ஆக வேண்டியிருந்தது. லொரெய்ன் கென்னடி 1999-இல் 'வேர்ல்டு டெவலப்மென்ட்' இதழில் எழுதிய கட்டுரை, பாலாற்றுப் பள்ளத்தாக்கின் இந்தக் கூட்டு நடவடிக்கையைப் பற்றியதுதான்.

அந்தக் கம்பெனிக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாதச் சந்தாவை எதை வைத்துப் போடுவது? அனுமதி பெற்ற அளவை வைத்துப் போட்டால் ஆர்டர் இல்லாத சின்ன ஜாப் வொர்க் டேனரி நசுங்கும். ஓடும் தண்ணீரை வைத்துப் போட்டால் மீட்டரை யார் பார்ப்பது? உப்பிட்ட தோலை ஊறவைத்த தண்ணீரைத் தனியாகப் பிரித்து வெயிலில் ஆவியாக்க வேண்டும், குரோமியத்தைத் தன் இடத்திலேயே மீட்க வேண்டும். ஒருவர் ராத்திரியில் இவற்றைப் பொதுக் குழாயில் திறந்துவிட்டால் அவருக்குச் செலவு மிச்சம், கெடுதல் எல்லோருக்கும். அதைத் தட்டிக் கேட்க வேண்டிய இயக்குநரும் ஒரு டேனரி உரிமையாளரே. பெரிய கூட்டத்தில் தன்னலம் பார்ப்பவர்கள் கட்டாயமோ தனிச் சலுகையோ இல்லாமல் பொதுநன்மைக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று மான்கர் ஓல்சன் 1965-இல் வாதிட்டார். கண்காணிப்பவர் பயனாளிகளுக்குப் பதில் சொல்பவராக இருந்து, தண்டனையும் படிப்படியாக ஏறினால் கூட்டு நிலைக்கும் என்று எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் பதில் தந்தார், 2009-இல் நோபல் பரிசும் பெற்றார். இருவருக்கும் நடுவிலான அந்தச் சண்டை நம் ஊர்க் குழாய்க்குள் நடந்துகொண்டிருக்கிறது.

நீதிமன்றத் தடிக்குப் பயந்து செய்ததில் தலைமை எங்கே என்று கேட்பார்கள். தடி கெடு விதிக்கும், ஆலையை மூட வைக்கும். பம்பு ஓட்டாது, சந்தாத் தகராறைத் தீர்க்காது. உத்தரவு முடியும் இடத்தில்தான் பங்காளித் தலைமைக்கு வேலை வருகிறது. அது தோற்ற கதையாயிற்றே என்பார்கள் இன்னும் சிலர். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இந்த இழப்புகளை மறைக்கும் படிப்பு படிப்பே ஆகாது. பலரும் பங்குதாரராக உள்ள இடத்தில் ஒரு சுவரின் உறுதிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை எந்த வெற்றிக்கதையும் கேட்க வைக்காது.

உங்களிடம் ஒரு ரகசியம் சொல்கிறேன். இதை எல்லோரும் தப்பான வரிசையில் படித்துத்தான் பாதியில் விடுகிறார்கள். முதலில் 1996 தீர்ப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சட்ட மேற்கோள்களைத் தாண்டி, ஊர்ப் பெயர்கள் வரும் பத்திகளை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு கென்னடி, பிறகு 2025 தீர்ப்பு, அதன் பிறகு ஆஸ்ட்ரம். ஓல்சனைக் கடைசிக்கு வையுங்கள். அவரை முதலில் எடுத்தால், கூட்டாக எதுவும் நடக்காது என்ற முடிவோடு புத்தகத்தை மூடிவிடுவீர்கள். உதயேந்திரம், துத்திப்பட்டு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எப்படி நடந்தன என்று தெரிந்துகொண்ட பிறகு போனால், அவரோடு வரிக்கு வரி சண்டை போடலாம்.