ஜாயப்பையின் புகுந்த வீடு

ஜாயப்பை கங்க அரசன் முதலாம் ராசமல்லனின் மகள், நீதிமார்க்கனின் தங்கை, நுளம்ப அரசன் பொளல்சோரனின் மனைவி, மகேந்திர நுளம்பனின் தாய். கல்வெட்டுகள் அவளைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய இவ்வளவுதான். அவள் பெயரின் பின்பாதியான ‘அப்பெ’ கன்னடத்தில் தாயைக் குறிக்கும்; தமிழின் ஔவையும் அதே வேரில் கிளைத்த சொல். ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி தந்த தகடூர்ச் சீமையைப் பின்னாளில் ஜாயப்பையின் மகன் ஆண்டான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வராது.

திருமணம் 9ஆம் நூற்றாண்டில் நடந்தது. கங்கர்களுக்குத் தலைநகர் காவிரிக் கரையில் தலைக்காடு. நுளம்பர்களுக்கு இன்று ஆந்திரத்தில் உள்ள ஹேமாவதி. இரு வீட்டாருக்கும் மேலே இராட்டிரகூடப் பேரரசு நின்றது. ராசமல்லன் நுளம்பர் வீட்டில் பெண் எடுத்தான், தன் பெண்ணையும் அங்கேயே கொடுத்தான். ஊர் வழக்கில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்பார்களே, அதேதான். எல்லைக்கு அப்பாலேயே பகைவன் நிற்கும் காலத்தில் சம்பந்தியைவிட மலிவான காவற்படை இல்லை.

அந்தக் காவல் ஒரு தலைமுறை தாங்கியது. ஜாயப்பையின் மகன் மகேந்திரன் வாண அரசர்களை ஒடுக்கினான்; நுளம்ப ஆட்சியைத் தகடூர்வரை, அதாவது இன்றைய தருமபுரிவரை, கொண்டுவந்தான். 893ஆம் ஆண்டுக்குரிய அவனது கல்வெட்டு தருமபுரித் தூண் ஒன்றில் கிடைத்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற இருவர் அங்கே கட்டிய சமணப் பள்ளிக்கு ஊர் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சில ஆண்டுகளிலேயே கங்க எறெயப்பன் மகேந்திரனைக் கொன்று ‘மகேந்திராந்தகன்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டான். எறெயப்பன் வேறு யாருமல்ல, ஜாயப்பையின் அண்ணன் நீதிமார்க்கனுடைய பேரன். மகனைக் கொன்றவன் பிறந்த வீட்டுப் பிள்ளை. அதே எறெயப்பன் மகேந்திரன் மகன் அய்யப்பனுக்காக நாகத்தரன் தலைமையில் படை அனுப்பியதைப் பேகூர் வீரக்கல் சொல்கிறது. யானையும் குதிரையும் மோதும் போர்க்காட்சியோடு பெங்களூரு அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தக் கல்லைப் பார்த்தால், உறவும் பகையும் ஒரே களத்தில் எப்படி நெருக்கியடித்து நின்றன என்பது புரியும்.

இந்தக் கதை தென்னாட்டுக்கு மட்டும் உரியதன்று. போலந்து இளவரசி கத்தரீனா யாகெல்லோன் (1526–1583) 1562இல் வில்னியஸ் நகரில் சுவீடன் அரச குடும்பத்து யோகானை மணந்தாள். மறு ஆண்டே கணவனுடைய அண்ணன் எரிக் இருவரையும் சிறையிட்டான். கணவனோடு சிறைக்குப் போக வேண்டாம் என்று அவளிடம் சொன்னபோது, மரணம் ஒன்றே பிரிக்கும் என்ற வாசகம் பொறித்த மோதிரத்தை அவள் நீட்டிக் காட்டியதாகச் சொல்வார்கள். அவள் மகன் சிகிசுமுண்டு போலந்துக்கும் சுவீடனுக்கும் அரசனானான். 1599இல் சுவீடன் அரியணையிலிருந்து அவனை இறக்கியது சொந்தச் சிற்றப்பனின் அணி. கத்தரீனாவுக்கு உப்சாலா பேராலயத்தில் உருவம் செதுக்கிய கல்லறை உண்டு. ஜாயப்பையைத் தேடுபவர் அவள் புகுந்த வீட்டாரின் கல்வேலைக்குத்தான் போக வேண்டும்.

அந்த வேலை பார்க்கத் தக்கது. நுளம்பச் சிற்பிகள் ஹேமாவதியில் கையாண்டது நுண்மணிக் கருங்கல். மெருகேற்றினால் உலோகம்போல் மின்னும். உளி தவறினால் மன்னிக்காது. அதில் அவர்கள் தூணின் சதுரங்களில் கொடிச்சுருளும் குறுஉருவமும் செதுக்கினார்கள். கட்டும் கலசமும் கடைந்தெடுத்த மரவேலைபோல் உருண்டு வரும். பல்லவத் தூண் பாரத்தைத் தாங்கும் தூண். நுளம்பத் தூண் பாரத்தை மறந்து அணிகலனாகிவிட்ட தூண். சில இடங்களில் அது அளவு மீறிப்போனது என்றும் சொல்ல வேண்டும். வெற்றிடம் விட அஞ்சும் கை அது.

அவர்களின் உண்மையான சாதனை பலகணிகள். நந்தி ஊரின் போகநந்தீசுவரர் கோயிலில் சுவரைத் துளைத்து ஒளி விடும் கற்பலகைக்குள்ளேயே ஆடும் சிவனும் எருமைத்தலை மிதித்த துர்க்கையும் நிற்கிறார்கள். உருவத்தைச் சுற்றிக் கல்லை எடுத்த இடமே சாளரம். கூரைகளில் இன்னொரு திறம். தும்கூர் மாவட்டத்து அரளகுப்பே கல்லேசுவரர் கோயிலில் நடுவே சிவன் ஆட, எட்டுத் திசைக் காவலர் தத்தம் ஊர்திகளில் சூழ்ந்திருக்கிறார்கள். அந்தக் கோயிலைப் பற்றி எழுதுவோர் கங்கர் பெயரையும் நுளம்பர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். சம்பந்திகளின் சிற்பிகளைப் பிரித்தறிவது சம்பந்திகளைப் பிரிப்பதைவிடக் கடினம்போலும்.

தருமபுரிக் கோட்டையில் மல்லிகார்ச்சுனர் கோயிலும் கல்யாண காமாட்சி கோயிலும் நுளம்பர் கலையோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. வருவோர் கூட்டமாகத் தேடுவது தொங்கும் தூணை: அடியில் காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்து வியக்கிறார்கள். வியப்புக்குரியதுதான்; ஆனால் அது தச்சுக் கணக்கின் வித்தை. சிற்பியின் வித்தை காமாட்சி கோயிலின் அடித்தளத்தில் இருக்கிறது. யானைகள் கருவறையைச் சுமப்பதுபோல் நிற்க, சிறு சிறு கட்டங்களில் இராமாயணம் ஓடுகிறது.

நுளம்ப அரசைக் கடைசியில் முடித்ததும் கங்கர்களே. இரண்டாம் மாரசிம்மன் (963–974) ‘நுளம்பகுலாந்தகன்’ ஆனான். பிறகு முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி நுளம்பபாடியை அவன் வென்ற நாடுகளில் ஒன்றாக எண்ணுகிறது. சோழர்கள் நாட்டோடு தூண்களையும் கொண்டுபோனார்கள். திருவையாற்றுக் கோயில் வளாகத்தில் அவை இன்றும் நிற்கின்றன, சோழத் தூண்களுக்கு நடுவே மெருகால் தனித்துத் தெரிந்தபடி. ஹேமாவதிச் சிற்பங்கள் பல சென்னை அரசு அருங்காட்சியகம் சேர்ந்தன, சி. சிவராமமூர்த்தி அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் மொரப்பூரில் ரயிலை விட்டிறங்கி மேற்கே தருமபுரிக்குப் பேருந்து ஏறினால் போதும். கோட்டைக் கோயிலில் தூணுக்கு அடியில் காகிதம் செருகுமுன், காமாட்சி கோயிலின் அடித்தளத்தை ஒருமுறை குனிந்து சுற்றி வாருங்கள்.