அடிப்படை உறுதிப்பாட்டில் தமிழ்க் கடவுச்சொல்

அடிப்படை உறுதிப்பாடு (பேசிக் ஆதென்டிகேஷன்) என்பது பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் உலாவி ஒவ்வொரு கோரிக்கையுடனும் வழங்கிக்கு அனுப்பும் எச்டிடிபி முறை. வழங்கி 401 என்று மறுத்ததும் உலாவி ஒரு பெட்டியைத் திறக்கிறது. அதில் இட்டவை பேஸ்64 வடிவில் செல்கின்றன. இது மறையாக்கம் அன்று, யாரும் திருப்பிப் படித்துவிடலாம். எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் இம்முறைக்கு இடமே இல்லை.

தொடக்கநிலை பிஎச்பி பாடங்கள் பல, கடவுச்சொல்லை நிரலிலேயே எழுதி ஒப்பிடக் கற்பிக்கின்றன. தமிழில் தட்டச்சு செய்பவரை அவை நினைப்பதே இல்லை. 1999ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2617 எழுத்துக் குறியாக்கத்தை வரையறுக்காமல் விட்டது. 2015இல் வந்த ஆர்எஃப்சி 7617தான் யுடிஎஃப்-8 வேண்டும் என்று வழங்கி தெரிவிக்க வழிசெய்தது. அந்தக் குறிப்பைப் பாடங்களில் காண்பது அரிது.

பிஎச்பி 5.5 (2013) தந்த பாஸ்வேர்டு ஹேஷ் செயற்கூறு நிரலில் கடவுச்சொல்லை வெளிப்படையாக வைக்கும் தேவையை நீக்கியது. ஆனால் அது பயன்படுத்தும் பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டுமே பார்க்கும். கல்வராயன் மலையடிவாரத்து ஊரான 'கச்சிராயபாளையம்' கண்ணுக்கு 9 எழுத்து. ஒருங்குறியில் 15 குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 45 பைட்டுகள். இடைவெளி விட்டு 'கள்ளக்குறிச்சி' எனச் சேர்த்தால் எல்லை 'கள்ளக்கு' தாண்டியதும் முடிந்துவிடும். மூன்றாம் சொல்லாக எதை இட்டாலும், இடாவிட்டாலும், கதவு திறக்கும். ஆங்கிலத்தில் இதே ஊர்ப்பெயர்கள் இரண்டும் 72 பைட்டுக்குள் தாராளமாக அடங்கும். நீளமான கடவுச்சொல்லே பாதுகாப்பு என்ற அறிவுரை தமிழுக்கு அப்படியே பொருந்தாது. பதிவுப் படிவத்திலேயே பைட்டு அளவைச் சோதித்து, மிகுந்தால் மறுப்பதே சரி.