புகைபோக்கியும் காற்றும் கணினியும்

காற்றின் கொடுமை யாதென வன்னி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் வவுனியாவை அணுகிக் கடந்து, பின்னர்த் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை முதியோர் இன்றும் மறந்திலர். ஆதலின், உயர்ந்த புகைபோக்கிக்குப் பகை சூறாவளி ஒன்றே எனக் கருதுதல் இயல்பு. அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று.

உருளை வடிவான புகைபோக்கியை மோதுங் காற்று, அதன் பின்புறத்தே இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழிகளை உதிர்க்கும். அச்சுழிகள் புகைபோக்கியைப் பக்கவாட்டில் இழுக்கும். அவ்விழுப்பின் மீடிறன், புகைபோக்கிக்கு இயல்பாயுள்ள அதிர்வு மீடிறனோடு ஒன்றுமாயின் பரிவு நிகழும். ஊஞ்சலைக் காலமறிந்து தள்ளுவார் சிறு விசையாலே அதனைப் பெரிதும் ஆட்டுதல் போல்வது இது. 4 மீற்றர் விட்டமும் செக்கனுக்கு 0.5 அதிர்வும் உடைய உருக்குப் புகைபோக்கிக்கு இந்நிலை நேர்வது, செக்கனுக்கு ஏறத்தாழ 10 மீற்றர், அஃதாவது மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திலாம். இது சூறாவளியின் வேகமன்று. சோளகக் காற்றும் எட்டவல்ல வேகமே. பளைப் பகுதியிற் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தரும் அதே நிலையான வீச்சு, அதிர்வைத் தணிக்கும் ஆற்றல் குறைந்த புகைபோக்கியை நாளும் அலைத்து, அதன் உருக்கில் வெடிப்புத் தோன்றச் செய்தலுங் கூடும்.

இச்சிக்கலை ஆராய்தற்குக் கணினி பெருந்துணை என்பதில் ஐயமில்லை. சிறு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்குங்கால், உண்மைப் புகைபோக்கியைச் சூழும் ஓட்டத்தின் இயல்பு முழுதும் அங்கு வாய்ப்பதில்லை. கணினியோ காற்றுவெளியை இலட்சக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுத்து முழு அளவிலேயே கணிக்கும். புகைபோக்கியின் மேற்பகுதியில் திருகுபோலத் தகடுகளைச் சுற்றிச் சுழிகளின் ஒழுங்கைக் குலைக்கும் முறையை, 1950களில் இங்கிலாந்தில் ஸ்குரூட்டன் முதலியோர் சோதனையாற் கண்டனர். இன்று அத்தகடுகளின் அளவைத் திரையிலேயே மாற்றிப் பார்த்தல் இயலும்.

எனினும், கணினி தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கே விடை பகரும்; மிகச் சிறிய சுழிகளை அதுவும் மதிப்பீட்டாலேயே கொள்ளும். 1965 நவம்பர் 1ஆம் நாள், இங்கிலாந்தின் பெரிபிரிட்ஜ் மின் நிலையத்தில், ஏறத்தாழ 114 மீற்றர் உயரமுடைய 8 குளிர்விப்புக் கோபுரங்களுள் 3 வீழ்ந்தன. நெருங்கி நிற்கும் கோபுரங்களுள் முன்னவை எழுப்புங் கொந்தளிப்புப் பின்னவற்றைத் தாக்கும் என்பதும், சராசரி வேகத்தினுங் கணநேர வீச்சு வலியது என்பதும் வடிவமைப்பிற் போதிய அளவு கருதப்படவில்லை. கணக்கிற் கொள்ளப்பட்ட காற்றே அங்குப் பிழைத்தது. அதே எடுகோளை இன்றைய கணினிக்கு ஊட்டினும், அது பிழையான விடையையே அழகிய வண்ணப் படமாகத் தரும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் நிலைபெற்றுள்ள இக்காலத்தில், இவ்வுண்மை மாணவர் உளங்கொள்ளத்தக்கது. போரால் முடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இருந்த நிலத்திலோ பிறிதோரிடத்திலோ நாளை நெடும் புகைபோக்கி ஒன்று எழுமாயின், அதன் அடியிலே தொழிலாளர் உழைப்பர். அயலிலே குடிகள் வாழ்வர். அவர்தம் உயிர்க்குப் பொறுப்பாவார் கணினியை இயக்குவோரே. ஆதலின், கணிப்புக்கு முன்னர் அவ்விடத்துக் காற்றை ஆண்டு முழுதும் அளத்தலும், எழுப்பிய பின்னர் அதன் அதிர்வை அளந்து கணிப்போடு ஒப்பிடுதலும் அவர் கடனாம். சோளகத்தையும் வாடையையும் அறியாத கணக்கு, எத்துணை விரைவிற் செய்யப்படினும், வன்னி மண்ணுக்கு உதவாது.