அச்சேறாமல் நின்ற ஆண்டு

குழந்தைகளுக்கு வரலாற்றுக் கதை எழுதியவரை எடைபோட, அவருடைய நூல்கள் மட்டும் போதா. அவர் விட்டுச்சென்ற கையெழுத்துத் தாள்களையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் (1867-1957) இதற்கு நல்ல சான்று.

நம் பிள்ளைகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வரும் அவரது 'லிட்டில் ஹவுஸ்' கதைகள் 1932 முதல் வெளிவந்தவை. அதற்கு முன்பே பெரியவர்களுக்காக 'பயனியர் கேர்ள்' என்ற தன்வரலாற்றைப் பென்சிலால் எழுதி வைத்தார். பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. அதன் தட்டச்சுப் படிகள், மகள் ரோஸ் வைல்டர் லேனின் தாள்களோடு, அயோவா மாநிலத்து ஹூவர் நூலகத்தில் உள்ளன. குறிப்புரையுடன் அச்சானது 2014இல்தான்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஓராண்டுக்கு மேல் காணோம்! 1876இல் ஒன்பது மாதத் தம்பி ஃப்ரெடி இறந்தது கதையில் இல்லை. பர் ஓக் என்ற ஊரில் குடும்பமே விடுதி வேலை பார்த்ததும் இல்லை. 1877இல் வாடகை கொடுக்க வழியின்றி இரவோடு இரவாகக் கிளம்பியதும் இல்லை.

"சின்னப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பீர்கள். தம்பியின் சாவை விட்டது பரிவு; ஒப்புக்கொள்கிறேன். ஊரைவிட்டு ஓடியதை விட்டது அப்படியன்று. தன் கையே தனக்கு உதவி என்று நிற்கும் தந்தையின் உருவத்தைக் கட்டியதில் அந்த மௌனத்துக்கும் பங்குண்டு.

அதற்காகப் புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். படித்து முடித்ததும் விட்டுப்போன ஆண்டையும் நாமே சொல்லிடலாம். பிழைக்கப் போன இடத்தில் தோற்றவர்களும் மானமுள்ளவர்களே என்பது, ஊர்விட்டு வந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?