தமிழ் வானொலி, தொலைக்காட்சி விளம்பர எழுத்து

ஒரு வணிக நிறுவனத்தின் பொருளையோ சேவையையோ வாங்கும்படி கேட்பவரை இணங்கச் செய்வதற்காக, ஒலிபரப்புக்கோ காணொளிக்கோ எழுதப்படும் குறும்பிரதியே விளம்பர எழுத்து. தமிழில் இதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. திரைப்பாடலும் மேடைப்பேச்சும் பெற்ற விமர்சனக் கவனத்தில் சிறு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. ஒரு சராசரித் தமிழர் நாள்தோறும் காதில் வாங்கும் உரைநடையில் கணிசமான பகுதி இது. ஆனால் எழுதியவர் பெயர் எங்கும் வருவதில்லை. நன்றாக எழுதப்பட்டதா என்று கேட்பாரும் இல்லை.

தொடக்கம்

1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவையே தமிழில் ஒலி விளம்பரத்துக்கான முதல் பெரிய களம். இந்தியாவில் அகில இந்திய வானொலி 1950களின் தொடக்கத்தில் திரைப்பாடல்களை ஏறத்தாழ ஒதுக்கிவிட, தமிழ்நாட்டு நேயர்கள் கடல் தாண்டி வந்த அலைவரிசைக்குத் திரும்பினர். பாட்டுக்கு இடையே வந்த விளம்பரத்தையும் அவர்கள் கேட்டனர். விவித பாரதி 1957இல் தொடங்கப்பட்டது. அதில் விளம்பரம் ஏற்கப்பட்டது 1967இல்தான். தூர்தர்ஷனில் விளம்பரம் 1976இல் வந்தது.

இலங்கை வானொலியின் விளம்பரங்களில் எழுத்தைவிடக் குரலே முன்னின்றது. கே. எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்களின் வேகமும் உச்சரிப்பும் சாதாரண வரிக்கும் உயிர் கொடுத்தன. பின்னால் வந்தவர்கள் அந்த வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

காதுக்கு எழுதுதல்

முப்பது நொடியில் தமிழில் நிதானமாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம் சொற்களே. உள்ளூர் ஜவுளிக்கடை முதலாளி தரும் பட்டியலிலோ கடைப் பெயர், இரண்டு கிளைகள், மூன்று கைபேசி எண்கள், பட்டு, சுடிதார், ரெடிமேட், தள்ளுபடி, பரிசுக் கூப்பன் அனைத்தும் இருக்கும். எழுதுபவர் எதையும் விடத் துணிவதில்லை. காசு கொடுப்பவர் கேட்டதைச் சேர்த்துவிடுவதே பத்திரம் என்று நினைக்கிறார். விளைவு, தெருவில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் செல்லும் அறிவிப்பின் சற்றே மெருகேறிய வடிவம். அந்த ஆட்டோவாவது கடை இருக்கும் தெருவிலேயே சுற்றுகிறது.

பேருந்தில் நின்றுகொண்டு பண்பலை கேட்பவர் பத்து இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ள மாட்டார். 'பெரிய கோயில் தெற்கு வாசலுக்கு எதிரே' என்றால் அது மனத்தில் நிற்கும். ஒலி விளம்பரத்தில் முகவரி என்பது கண்ணுக்குள் தெரியும் இடமாக இருக்க வேண்டும். இந்த எளிய விதியைக்கூடப் பெரும்பாலான பிரதிகள் பின்பற்றுவதில்லை.

வானொலிக்கு எழுதுவது தொலைக்காட்சி விளம்பரத்தின் ஒலித்தடத்தை வெட்டி ஒட்டுவது அல்ல. அமெரிக்க நகைச்சுவையாளர் ஸ்டான் ஃபிரீபெர்க் 1960களில் வானொலி விளம்பரத் தொழிலுக்காகவே தயாரித்த ஒரு துண்டு இதற்குப் புகழ்பெற்ற சான்று. மிச்சிகன் ஏரியை வடித்துச் சூடான சாக்லேட்டால் நிரப்பி, அதில் மலையளவு கிரீமைத் தள்ளி, விமானத்திலிருந்து பத்து டன் செர்ரிப் பழத்தைப் போட, இருபத்தையாயிரம் பேர் ஆரவாரிப்பதாக அது ஒலிகளாலேயே காட்டுகிறது. பிறகு, தொலைக்காட்சியில் இதைச் செய்து பாருங்கள் என்று சவால் விடுகிறது. தமிழ் ஒலி விளம்பரம் இந்தச் சுதந்திரத்தை அரிதாகவே தொட்டிருக்கிறது. அதற்குத் தெரிந்த நாடகம் ஒன்றுதான்: இரண்டு பெண்கள் சந்திப்பார்கள், ஒருத்தி மற்றவளின் புடவையை வியப்பாள், மற்றவள் கடையின் முழுப்பெயரையும் கிளை விவரத்தோடு ஒப்பிப்பாள். எந்த ஊரில் அக்கம்பக்கத்தார் அப்படிப் பேசுகிறார்கள்?

உதடும் மொழியும்

நாடு தழுவிய நிறுவனங்களின் காட்சி விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டுத் தமிழுக்கு மாற்றப்படுகின்றன. நடிப்பவரின் உதடு அசைந்து முடிவதற்குள் தமிழ் வரியும் முடிய வேண்டும். ஆகவே சொல்லைத் தேர்வது பொருள் அல்ல, உதடு. சப்பாத்தி சுடும் சமையலறையில் தமிழ்நாட்டின் எந்த வட்டாரத்துக்கும் உரியதல்லாத ஒரு பேச்சு ஒலிக்கிறது.

இதைவிட ஆழமான சிக்கல் வாக்கிய அமைப்பில் உள்ளது. ஆங்கில விளம்பர வரி பொருளின் பெயரில் வந்து முடியலாம். தமிழ் வாக்கியம் வினைமுற்றில் முடியும். நேராக மொழிபெயர்த்தால் காதில் கடைசியாகத் தங்குவது 'வாங்குங்கள்' என்ற ஏவல். தமிழிலேயே சிந்தித்த எழுத்தாளர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பேச்சுத்தமிழ் வினையை முன்னே தள்ளிப் பெயரைப் பின்னே நிறுத்த இடம் தருகிறது. 'வந்தாச்சு' என்று தொடங்கிப் பெயரில் முடிக்கலாம். வினையே இல்லாத பெயர்ப் பயனிலை வாக்கியமும் உண்டு. நினைவில் நிற்கும் தமிழ் விளம்பர வரிகளில் பல இந்த இரண்டில் ஒன்றாக இருப்பதைக் காணலாம்.

முதலாளியே பேசும்போது

தமிழ்த் தொலைக்காட்சி விளம்பரத்துக்குத் தனி அடையாளம் தந்தவை, உரிமையாளரே தோன்றும் விளம்பரங்கள். வசந்த் அண்ட் கோ நிறுவனர் எச். வசந்தகுமாரின் சிரித்த முகம் இவற்றின் முன்னோடிகளில் ஒன்று. 2017இல் சரவணா ஸ்டோர்ஸ் விளம்பரத்தில் சரவணன் அருள் தமன்னா, ஹன்சிகா ஆகியோருடன் தோன்றியபோது கேலியும் பேச்சும் ஒருங்கே எழுந்தன. பெயர் பரவியது, அந்த அளவில் அது வெற்றி. ஆனால் அங்கே எழுத்து என்று சொல்ல ஏதுமில்லை. கடை ஏன் நல்லது என்பதற்கு ஒரு காரணமும் முன்வைக்கப்படவில்லை.

லலிதா ஜுவல்லரியின் கிரண்குமார் தோன்றும் விளம்பரங்கள் வேறு வகை. மழித்த தலை, வெள்ளைச் சட்டை, ஆட்டமில்லை, நடிகையில்லை. உழைத்துச் சேர்த்த பணம் என்று நினைவூட்டிவிட்டு, விலைச்சீட்டைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு வேறு கடைகளிலும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கச் சொல்கிறார். தங்கத்தின் அன்றைய விலை ஊர் முழுதும் ஏறத்தாழ ஒன்றுதான். கடைக்குக் கடை மாறுவது சேதாரமும் செய்கூலியும். வாங்குபவருக்கு மிகவும் சந்தேகம் உள்ள இடமும் அதுவே. பிரதி நேராக அந்த இடத்தில் கை வைக்கிறது. 'நம்பிக்கை', 'பாரம்பரியம்', 'கைராசி' என்று பிற நகை விளம்பரங்கள் தற்புகழ்ச்சி பாடும்போது, இது கேட்பவர் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிறது. தமிழில் அண்மைக் காலத்தில் எழுதப்பட்ட வணிகப் பிரதிகளில் இதுவே வலிமையானது எனலாம்.

ஆயினும் அந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒப்பிடச் சொல்பவர் அஞ்சாதவர் என்று கேட்பவர் முடிவு செய்துவிடுகிறார். பலர் ஒப்பிடாமலே வாங்கிவிடுவார்கள். அழைப்பே சான்றின் வேலையைச் செய்துவிடுகிறது. அதே எடையில், அதே வேலைப்பாட்டில் இன்னொரு ஆரம் அடுத்த கடையில் கிடைப்பதும் அரிது; சேதார விழுக்காட்டை மட்டுமே நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியும். கல் வைத்த நகையில் கல்லின் எடை எப்படிக் கணக்கிடப்படுகிறது, திரும்ப விற்கும்போது எவ்வளவு கழியும் என்ற கேள்விகளை நகை விளம்பரங்கள் பெரும்பாலும் தாமாக எழுப்புவதில்லை.

நிகழ்ச்சி வேடம்

விளம்பரம் தன்னை விளம்பரம் என்று சொல்லிக்கொள்ளும்வரை கேட்பவருக்குத் தற்காப்பு உண்டு. சன் தொலைக்காட்சியில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியின் பெயருக்கு முன்னால் 'லலிதாவின்' என்று புரவலர் பெயர் வெளிப்படையாக நின்றது. யார் காசில் நடக்கிறது என்பதில் ஐயமில்லை. பாட்டும் பாட்டாகவே இருந்தது.

இரவு நேரத்தில் அரைமணி நேரம் ஓடும் மருத்துவ நிகழ்ச்சிகளில் நிலைமை வேறு. பேட்டி காண்பவர், வெள்ளை அங்கி, தொலைபேசியில் நலம்பெற்றதாகச் சொல்லும் குரல் எல்லாம் எழுதி அமைக்கப்பட்ட பிரதியின் பாகங்கள். நீரிழிவு உட்படப் பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவச் சட்டம் தடை செய்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. நிகழ்ச்சியின் பிரதியோ 'குணமாகும்' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, அதைத் தொலைபேசியில் வரும் குரலின் வாயில் வைக்கிறது. இணங்கச் செய்யும் கலையின் தேர்ச்சி இங்கே குறைவில்லை. ஏமாறுபவர் இழப்பது பணத்தை மட்டுமல்ல. மருத்துவமனைக்குப் போக வேண்டிய மாதங்களையும்.

சமூக ஊடகங்களில் காசு பெற்றுப் பொருளைப் புகழ்வோர் அதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் நெறிமுறை வகுத்தது. தமிழ்க் காணொளிகள் பலவற்றில் அந்தக் குறிப்பு ஆங்கிலத்தில், திரையின் ஓரத்தில், சிறிய எழுத்தில் வருகிறது. பண்பலையில், தொகுப்பாளர் தன் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே அதே குரலில் கடையின் பெயருக்கு வந்து சேரும்போது, கதை எங்கே முடிந்தது, காசு வாங்கிய வரி எங்கே தொடங்கியது என்பதைக் காட்ட அப்படியொரு குறிப்பும் இருப்பதில்லை.