கண்ணாடி இழைக்கு வழி போடுகிறவர்கள்

அலுவலகத்துக்கு ஃபைபர் கேபிள் போடும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, கேபிள் வந்து இறங்குவதற்கு முன்னால் நடக்கும் பகுதிதான். ஃபால்ஸ் சீலிங் பலகைகளைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்து, இழை எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒருவர் முடிவெடுக்கிறார். கைதேர்ந்தவர் போட்ட வழி என்றால் அந்த வரைபடத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஒரே தளத்துக்குள் செம்புக் கேபிள் போதும். ஈத்தர்நெட்டில் அதற்கு 100 மீட்டர்தான் எல்லை. மாடி விட்டு மாடி போகும்போதும், பக்கத்துக் கட்டடத்துக்குத் தாண்டும்போதும் ஃபைபர் வேண்டும். கோடை மழை இடியோடு இறங்கும் ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலோகமே கலக்காத ஃபைபர் கேபிளில் மின்சாரம் பாயாது. ஒரு கட்டடத்தில் மின்னல் இறங்கினால், அந்தக் கேபிள் வழியாக அடுத்த கட்டடத்து ஸ்விட்சுக்குச் சேதம் போகாது.

நல்ல வரைபடத்தை அதன் திருப்பங்களில் கண்டுகொள்ளலாம். கேபிளை இழுக்கும்போது வளைவின் ஆரம் அதன் விட்டத்தைப் போல 20 மடங்குக்குக் குறையக் கூடாது, பதித்த பிறகு 10 மடங்குக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 6 மில்லிமீட்டர் கேபிள் என்றால் இழுக்கையில் 120, பதித்தபின் 60 மில்லிமீட்டர். அதைவிட இறுக்கி மடித்தால் ஒளி இழையை விட்டு வெளியே கசியும். ஆகவே தேர்ந்த திட்டக்காரர் சுவரோரம் செங்கோணமாகக் கோடு போடமாட்டார்; கேபிளைத் தாங்கும் ட்ரே திரும்புகிற இடத்தை வில்லாகவே வரைவார்.

இதைவிட நுட்பமானது ஒளி இழப்புக் கணக்கு. 1966-இல் பொறியாளர் சார்லஸ் காவ் கண்ணாடி இழையால் செய்தி அனுப்பலாம் என்று எழுதியபோது, கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்பு என்ற அளவை எட்டினால் போதும் என்றார். அதாவது நூறில் ஒரு பங்கு ஒளி மறுமுனை சேர்ந்தால் போதும். இன்றைய சிங்கிள்மோடு இழையில் அது சுமார் 0.35 டெசிபெல், நூறில் தொண்ணூறுக்கும் மேல் மறுமுனை சேர்கிறது. இருநூறு மீட்டர் ஓடும் அலுவலகக் கேபிளில் தூரம் தின்பது 0.1 டெசிபெல்கூட இல்லை. ஒளியைத் தின்பது இணைப்புகள்தான். ஒரு கனெக்டருக்கு 0.75 டெசிபெல் வரை தரநிலை இடம் கொடுக்கிறது. இழையின் உள்மையமோ 9 மைக்ரான். ஒரு தூசி உட்கார்ந்தால் வழியே அடைபடும். வழியைச் சுருக்க அலைவதைவிட இணைப்புகளைக் குறைப்பதில்தான் கைத்திறமை தெரிகிறது. இது தெரிந்தவர், சற்று நீளமானாலும் இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் போகும் பாதையைத் தேர்ந்தெடுப்பார்.

வரைபடத்தில் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஒரு கேபிள் போனாலும் மற்றது ஓடுவதற்கான மாற்றுப்பாதை. அந்தப் பெயரில் இரண்டு கேபிளையும், மாடிகளுக்கு ஏறும் ஒரே ஷாஃப்ட்டில் இறக்குகிறவர்கள் நிறைய. தீ பிடித்தாலோ, துளைபோடும் இயந்திரம் இறங்கினாலோ இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று கிழக்கு ஷாஃப்ட்டில், மற்றது மேற்கில் ஏறினால்தான் அது மாற்றுப்பாதை.

நான்கு இழை தேவைப்படும் இடத்தில் பன்னிரண்டு போடுவது, ரேக்கின் பக்கத்தில் சில மீட்டர் கேபிளைச் சுருளாக விட்டு வைப்பது, நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்ற நிற வரிசையை இரு முனையிலும் பிசகாமல் காப்பது, சுவர் துளையைத் தீத்தடுப்புக் கலவையால் அடைப்பது: இவையெல்லாம் பின்னால் அந்தச் சீலிங்கைத் திறக்கப் போகிறவரை மனதில் வைத்துச் செய்கிற மரியாதைகள். ஸ்விட்ச் மாறும், வேகம் ஒரு கிகாபிட்டிலிருந்து பத்து, நூறு என்று ஏறும். ஒழுங்காகப் பதித்த சிங்கிள்மோடு இழை அப்படியே இருக்கும்.

உங்கள் அலுவலகத்தில் ஃபைபர் வேலை நடந்தால், கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: கேபிள் உண்மையில் போன வழியின் வரைபடம், ஒவ்வொரு இழைக்கும் அளந்த இழப்புக் கணக்கு.